கூகிளில் கிடைக்காதவை எங்கே இருக்கின்றன? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் குடும்ப வரலாற்றையும் பழைய ஆவணங்களையும் தேடுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன. தேடுபொறியில் பெயரை இட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை, இனி எங்கே போவது என்று கேட்டிருந்தார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் பாட்டனாரின் தந்தை 1890-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறியதாக வீட்டில் சொல்வார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கூகிளில் பலமுறை தேடிவிட்டேன், ஒரு தடயமும் இல்லை. இணையத்தில் அவரைப் பற்றி எதுவுமே இல்லை என்றுதானே இதற்குப் பொருள்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: அப்படிப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. நாம் கேட்கும் அந்த நொடியில் தேடுபொறி இணையம் முழுவதையும் துழாவுவதில்லை. அதன் நிரல் ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து வேறொரு பக்கத்துக்கும் சென்று, வழியில் கண்டவற்றைப் படித்து, முன்கூட்டியே பெரியதொரு சொல்லடைவைத் தயாரித்து வைத்திருக்கிறது. நாம் தேடுவது அந்த அடைவில்தான். எனவே, எந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து ஓர் இணைப்பும் இல்லையோ, அந்தப் பக்கம் அடைவில் ஏறுவது அரிது.

தரவுத்தளங்களின் நிலை இதைவிடக் கடினமானது. ஒரு தரவுத்தளத்தில் லட்சம் பேரின் விவரங்கள் இருக்கலாம். ஆனால் அந்த லட்சம் பேருக்கும் தனித்தனிப் பக்கங்கள் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. யாரேனும் ஒருவர் அங்குள்ள படிவத்தில் பெயரை நிரப்பிப் பொத்தானை அழுத்தும்போதுதான் அதற்கான விடைப்பக்கம் உருவாகிறது. அவர் வெளியேறியதும் அது மறைந்துவிடுகிறது. இணைப்புகளைப் பின்தொடர்ந்து மட்டுமே செல்லத் தெரிந்த நிரலுக்கு அந்தப் படிவம் மூடிய கதவாகவே நிற்கிறது. சில தளங்களின் படிவங்களில் தானாகவே சொற்களை இட்டு விடைகளைப் பெறும் முயற்சியைக் கூகிள் நிறுவனம் 2008-இல் வெளிப்படையாக அறிவித்தது என்றாலும், ஒரு மனிதர் தம் பாட்டனின் ஊரையும் பெயரையும் அறிந்து கேட்பதுபோல ஒரு நிரலால் கேட்க முடியாது.

உங்கள் செய்திக்கு வருகிறேன். நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் ஆகியவற்றைக் கப்பல்வாரியாகப் பதிந்து வைத்தார்கள். மனிதர்களைக் கணக்குச் சரக்காக எண்ணிய ஓர் ஏற்பாட்டின் ஏடுகள் அவை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆயினும் எழுத்தறியாத பல குடும்பங்களின் பெயர்கள் ஏட்டில் இருக்கும் ஒரே இடமும் அதுவாகவே இருக்கிறது. இந்தக் கப்பல் பட்டியல்கள் கணினித் தரவாக மாற்றப்பட்டுள்ளன. டர்பனில் இயங்கும் காந்தி–லுதுலி ஆவண மையத்தின் வழியாக அவற்றை அணுகலாம்.

அங்கே சென்ற பிறகும் பெயரை நேராக இட்டால் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பதிவு செய்த எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். முதலி 'மூட்லி' ஆனது. ஒரே பெயரை ஒரே கப்பலில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஆகவே, பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் இடுங்கள். பிறகு தந்தை பெயரால் வடிகட்டுங்கள். ஊரைத் தேடும்போது இன்றைய மாவட்டப் பெயரை மறந்துவிடுங்கள். உங்கள் ஊர் அன்று வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது, பதிவேட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும். தஞ்சாவூர்க்காரர் 'டாஞ்சூர்' என்றும், திருநெல்வேலிக்காரர் 'டின்னவெல்லி' என்றும், திருச்சிக்காரர் 'டிரிச்சினாப்பொலி' என்றும் தேட வேண்டும். வீட்டில் சொல்லும் ஆண்டிலும் ஐந்தாறு ஆண்டுகள் முன்பின் இருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒருவேளை அவர் சென்ற இடம் நேட்டால் அல்லாமல் மொரிஷியஸாக இருந்தால், அந்நாட்டின் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

கேள்வி: தேடுபொறிக்குத் தெரியாத இணையம் என்றாலே அது குற்றவாளிகள் புழங்கும் இடம், அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் எச்சரிக்கிறான். உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் மகன் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக்கிவிட்டார். தேடுபொறியின் அடைவில் ஏறாத அனைத்தையும் ஆழ்வலை என்கிறோம். உங்கள் வங்கிக் கணக்கின் பக்கம், மின்னஞ்சல் பெட்டி, மகனுடைய கல்லூரியின் மதிப்பெண் பக்கம், நூலகப் பட்டியல், நீதிமன்ற வழக்கு விவரம் ஆகியவை அனைத்தும் ஆழ்வலையில்தான் அடங்கும். நீங்கள் நாள்தோறும் அங்கே சென்று வந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். உங்கள் மகன் குறிப்பிடுவது டார்க் வெப் எனப்படும் மிகச் சிறிய பகுதியை; டோர் போன்ற தனி மென்பொருள் இல்லாமல் அதற்குள் நுழைய முடியாது. அதன் அடிப்படை நுட்பமும் 1990-களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் உருவானதே. அங்கே குற்றச் சந்தைகளும் உண்டு, அரசின் கண்காணிப்புக்கு அஞ்சும் செய்தியாளர்களும் உண்டு. நம்முடைய தேடலுக்கு அது தேவையே இல்லை.

ஆழ்வலை எவ்வளவு பெரியது என்பதற்கு, தேடுபொறி காணும் இணையத்தைப்போல் 400 முதல் 550 மடங்கு என்ற கணக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அது மைக்கேல் பெர்க்மன் என்பவர் 2001-இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள மதிப்பீடு. அன்றைய இணையத்துக்குச் செய்த கணக்கை இன்றைய இணையத்துக்கும் அப்படியே பொருத்திச் சொல்வது சரியாகாது.

கேள்வி: 1930-களின் தமிழ் இதழ்களில் பெண்கள் மாநாடுகள் பற்றி வந்த செய்திகளை ஆய்வுக்காகத் தேடுகிறேன். இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் எந்தச் சொல்லை இட்டாலும் அண்மைக்காலக் கட்டுரைகளே வருகின்றன. என் தேடலில் என்ன பிழை?
– முனைவர் பட்ட ஆய்வாளர், மதுரை

பதில்: உங்களிடம் பிழை அதிகமில்லை. தமிழ் எழுத்து இணையத்துக்கு வந்து சேர்ந்த வழியில்தான் சிக்கல் இருக்கிறது. அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தேடல் வழிகாட்டிகளில் இந்தச் செய்திகள் இருப்பதில்லை.

முதலாவது, ஸ்கேன் செய்த பக்கம் என்பது ஒரு நிழற்படம். நம் கண்ணுக்கு அதில் எழுத்து தெரிகிறது. கணினிக்குக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிகின்றன. எழுத்துணரி மென்பொருளைக் கொண்டு அதை எழுத்தாக மாற்றினால்தான் உள்ளே தேட முடியும். தமிழுக்கு இன்று எழுத்துணரிகள் உண்டு. புதிய அச்சில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில், லகர ஐகாரம் தும்பிக்கை போன்ற கொம்புடனும், றகர ணகர னகரங்களின் ஆகாரம் கால் சேர்ந்த ஒரே வடிவமாகவும் இருந்தன. மங்கிய தாளில் அந்த வடிவங்களைப் பார்க்கும் எழுத்துணரி தடுமாறி வேறு எழுத்தை எழுதிவிடுகிறது. ஆகவே, அத்தகைய எழுத்துகள் இல்லாத குறுஞ்சொற்களைத் தேர்ந்து தேடினால் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

இரண்டாவது, அந்தக் காலத்துச் சொற்களைக் கொண்டு தேட வேண்டும். நீங்கள் 'மாநாடு' என்று தேடுகிறீர்கள். அவர்கள் 'மகாநாடு' என்று எழுதினார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் 'அக்கிராசனர்', செயலாளர் 'காரியதரிசி', சொற்பொழிவு 'பிரசங்கம்' அல்லது 'பிரஸங்கம்', பெண்கள் பெரும்பாலும் 'ஸ்திரீகள்'. ஓர் இதழின் நான்கைந்து பக்கங்களை முதலில் பொறுமையாக வாசித்து, அதன் சொற்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு தேடத் தொடங்குங்கள். அந்த அரைமணி நேரம் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது செய்தி, பழைய எழுத்துருக்கள் பற்றியது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவலாவதற்கு முன் தட்டச்சான கோப்புகளில், ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்த எழுத்துருக்கள் பயன்பட்டன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளின் வரிசை. திரையில் தமிழாகத் தெரியும் ஒரு பிடிஎஃப் கோப்பு, தேடுபொறியின் அடைவில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக ஏறியிருக்கும். 1930-களின் இதழ்களுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அவற்றைப் பற்றி 1990-களிலும் 2000-களிலும் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் பல இந்த நிலையில்தான் இருக்கின்றன. உங்கள் தேடுசொல்லை எழுத்துரு மாற்றியில் பாமினி வடிவத்துக்கு மாற்றி, அந்தக் குறிகளை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடிப் பாருங்கள். மறைந்திருந்த கட்டுரைகள் சில வெளிப்படக்கூடும். நம் மொழியில் எழுதப்பட்ட ஆய்வுகள் ஓர் எழுத்துருவின் பொருட்டுக் கண்மறைந்து கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. அத்தகைய கோப்புகளை வைத்திருக்கும் ஆசிரியர்கள் அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் திரும்ப வெளியிட வேண்டும் என்று இந்தப் பகுதியின் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

எங்கே தேடுவது என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தொடங்குங்கள். அங்கே நூல் தலைப்பு, ஆசிரியர், இதழ்ப் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடி, உரிய ஆண்டின் இதழைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அடுத்தது, கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அதன் பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டு, இதழ்களை நேரில் சென்று வாசிக்கத் திட்டமிடுங்கள். இலங்கை இதழ்களுக்கு 2005-இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற பெயருடைய இணையதளத்துக்கு இணையாக வேறொன்று இல்லை; 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது என்னென்ன அழிந்தன என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தளத்தின் அருமை புரியும். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்கள், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் காப்பகத்தில் இருக்கின்றன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த கூட்டங்கள் உங்கள் ஆய்வெல்லைக்குள் வருமானால் அதை விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் இன்னொரு தடை உண்டு. அவற்றில் பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்திலேயே பதிவாகியுள்ளன. அதுவும் நாம் கைப்பேசியில் எழுதும் முறையில் அல்ல. நூலகர்களின் முறையில் ழகரம் என்பது அடிக்கோடிட்ட எல். தகரம் எங்கே வந்தாலும் டி (t). 'இதழ்' என்ற சொல் ஐ, டி, ஏ, எல் (itaḻ) என்ற நான்கே எழுத்துகளாக இருக்கும். நாம் வழக்கமாக எழுதும் முறையில் எழுத்துக்கூட்டித் தேடினால் ஆயிரம் நூல்கள் இருந்தாலும் ஒன்றும் வராது.

கடைசியாக ஒரு சுருக்கு வழி. பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில், உங்கள் பொருளுக்கு நெருக்கமான ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கண்டுபிடியுங்கள். அதன் அடிக்குறிப்புகளையும் துணைநூற்பட்டியலையும் மட்டும் முதலில் வாசியுங்கள். எந்த இதழ், எந்த மாதம், எந்தப் பக்கம் என்று ஒருவர் ஏற்கெனவே உழைத்துத் திரட்டி வைத்திருப்பார். தனி நூல்களாகவோ சிறு வெளியீடுகளாகவோ மாநாட்டுத் தீர்மானங்கள் வந்தனவா என்று அறிய, 1867-ஆம் ஆண்டின் நூல் பதிவுச் சட்டப்படி சென்னை மாகாண அரசு வெளியிட்ட காலாண்டு நூற்பட்டியல்களைப் பாருங்கள். தலைப்பு, அச்சகம், பக்க எண்ணிக்கை, விலைகூட அவற்றில் இருக்கும்.

கேள்வி: வாங்க நினைக்கும் நிலத்தின் வில்லங்க விவரம், அந்த நிலத்தின் மீது வழக்கு இருக்கிறதா என்ற செய்தி ஆகியவை கூகிளில் ஏன் வருவதில்லை? எடுத்துத் தருவதாகச் சொல்லித் தனியார் தளம் ஒன்று பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கொடுக்க வேண்டாம். பதிவுத் துறையின் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் ஆகியவற்றை நிரப்பினால் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றொப்பமிட்ட நகலுக்குத்தான் கட்டணம். கணினியில் ஏற்றப்படாத பழைய ஆண்டுகளுக்கு அந்த அலுவலகத்திலேயே மனு கொடுத்து ஏட்டில் தேடச் சொல்ல வேண்டும். பட்டா, சிட்டா விவரங்களுக்கு வருவாய்த் துறையின் இ-சேவைத் தளம் இருக்கிறது. வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த 16 குறிகள் கொண்ட ஒரு தனி எண் உண்டு. எண் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தைத் தேர்ந்து, தரப்பினர் பெயரையும் ஆண்டையும் இட்டுத் தேடலாம். விற்பவரின் பெயரோடு அவருடைய தந்தை, உடன்பிறந்தார் பெயர்களையும் தேடுங்கள், ஏனென்றால் பாகப்பிரிவினை வழக்குகள் பெரும்பாலும் அவர்கள் பெயரில்தான் நடக்கும்.

இந்தத் தளங்கள் படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்வதும், கைப்பேசிக்கு ஓடிபி அனுப்புவதும் நிரல்கள் உள்ளே நுழைந்து மொத்தமாக அள்ளிச் செல்வதைத் தடுப்பதற்காகத்தான். அது நல்லது என்றே நினைக்கிறேன். உங்கள் பெயரைத் தேடுபொறியில் இட்ட எவருக்கும் உங்கள் நிலமும் வழக்கும் ஒரே திரையில் வந்து நிற்பதை நீங்களும் விரும்ப மாட்டீர்கள்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் நான் படித்த ஒரு பக்கம் இப்போது இல்லை. முகவரி மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முகவரி இருப்பதால் வழி உண்டு. 1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு, இணையப் பக்கங்களின் நகல்களை நாள்வாரியாகச் சேமித்து, 2001 முதல் வேபேக் மெஷின் என்ற பெயரில் அனைவருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அங்கே முகவரியை இட்டால், நகல் எடுத்த நாள்கள் நாட்காட்டியில் தெரியும். படிவம் நிரப்பிப் பெற்ற விடைப்பக்கங்கள் மட்டும் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. அத்தகையவற்றைக் காணும்போதே பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் எங்கள் ஊர்க் கோயில் பற்றிக் கேட்டேன். நூற்பெயரும் பக்க எண்ணும் தந்தது. நூலகத்தில் அப்படியொரு நூலே இல்லை என்கிறார்கள்.
– வாசகி, சிதம்பரம்

பதில்: நூலகர் சொல்வதை நம்புங்கள். அந்த உரையாடிகள் பெரும்பாலும் திறந்த இணையத்தில் கிடைத்த எழுத்தைக் கொண்டு பழக்கப்பட்டவை. படிவத்துக்குப் பின்னாலும் நிழற்படப் பக்கங்களுக்குள்ளும் இருப்பது அவற்றுக்கும் எளிதில் எட்டாது. எட்டாத இடத்தில் நம்பத் தகுந்த தோற்றமுடைய ஒரு நூற்பெயரைப் புனைந்து தந்துவிடுவதும் உண்டு. எந்த நிறுவனத்தில் இத்தகைய ஆவணம் இருக்கக்கூடும் என்று கேட்பதற்கு அவற்றைப் பயன்படுத்துங்கள். நூல் உண்மையில் இருக்கிறதா என்பதை நூலகப் பட்டியலில் பார்த்த பிறகே எழுதுங்கள்.

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தார். அவர் பெயர் ராமசாமி. படைப்பிரிவு தெரியாது, எண் தெரியாது. பாட்டிக்கு 91 வயதாகிறது. அவருடைய பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: எழுதப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரு உலகப் போர்களிலும் உயிரிழந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகளைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் தளத்தில் வைத்திருக்கிறது. யாங்கோன் நகருக்கு வடக்கே தவுக்கியான் போர்க் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தின் தூண்களில் மட்டும், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எரியூட்டப்பட்டவர்களுக்கும் அங்கே தனி நினைவுச்சின்னம் இருக்கிறது.

ராமசாமி என்ற பெயரை மட்டும் தேடுபொறியில் இட்டால் நீங்கள் தேடுபவர் கிடைப்பது அரிது. ஆணையத்தின் தளத்தில் அதே பெயரை இட்டால் அளவுக்கு மீறிக் கிடைக்கும். அங்கே விரிவான தேடல் பகுதிக்குச் செல்லுங்கள். போர், இறந்த நாடு, இந்தியப் படை என்று முதலில் குறுக்குங்கள். பிறகு கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ இடுங்கள், ஏனென்றால் பல பதிவுகளில் இன்னாருடைய மகன், இன்னார் கணவர், இன்ன ஊர் என்ற ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. புதுக்கோட்டை அன்று தனி சமஸ்தானம் என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்து ஊர் என்பதால் திருச்சியின் பெயரிலும், ஆங்கிலேயர் எழுதிய 'புதுக்கோட்டா' என்ற வடிவத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் பாட்டியிடம் இரண்டு செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ராமசாமியின் தந்தையின் முழுப்பெயர் என்ன, ஊரில் எந்தக் குக்கிராமத்தின் பெயரைச் சொல்லி அந்த வீட்டை அழைத்தார்கள். பதிவில் இருப்பது பெரும்பாலும் அந்தக் குக்கிராமத்தின் பெயராகத்தான் இருக்கும்.